மீண்டும் வந்த ஆவி

இறந்தவன் திரும்பி வரும் கதை என்றால் இளவயதினருக்கு என்றுமே ஈர்ப்பு உண்டு. அதில் காதலும் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. பெருந்துறை வட்டாரத்து இல்லங்களில் பிள்ளைகள் கைபேசியில் தேடித் தேடிப் பார்ப்பவற்றுள் இத்தகைய படங்களும் உள. ஆகவே, தமிழின் முதல் தொடர்ச்சிப் படம் எனப் பலராலும் குறிக்கப்பெறும் 'ஜப்பானில் கல்யாணராமன்' பற்றி இம்மாதம் எழுத விழைகிறோம்.

முதற்படமான 'கல்யாணராமன்' 1979-இல் ஜி. என். ரங்கராஜன் இயக்கத்தில் வெளிவந்தது. முன்பல் துருத்திய, சூதுவாது அறியாத இளைஞன் கல்யாணம். வேறிடத்தில் வளர்ந்த அவனது இரட்டைச் சகோதரன் ராமன். இருவராகவும் நடித்தவர் கமல்ஹாசன். கல்யாணம் நேசிக்கும் செண்பகமாக, பதினாறு வயதை எட்டியும் எட்டாத ஸ்ரீதேவி. பேராசை பிடித்தோர் கல்யாணத்தைக் கொன்றுவிட, அவனது ஆவி சகோதரனைத் தேடி வந்து, அவன் உடலிற் புகுந்து பழி தீர்க்கிறது.

ஆவி புகுவதும் பழி வாங்குவதும் நம் விசுவாசத்துக்கு உடன்பாடானவை அல்ல. ஆயினும் இப்படம் பார்ப்போர் நெஞ்சைத் தொட்டதை மறுப்பதற்கில்லை. அந்த வெள்ளை உள்ளத்தான் ஆசையாய்க் காதலித்தான். வாழத் தொடங்குமுன் மாண்டான். ஆவியாக வந்து அவன் நம்மை எவ்வளவுதான் சிரிக்க வைத்தாலும், அவன் இழந்தது இனித் திரும்பாது என்ற எண்ணம் நமக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சிரிப்புக்குக் கனம் தந்தது அவனது சாவே.

1985-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று தொடர்ச்சி வந்தது. எழுதியவர் அதே பஞ்சு அருணாசலம்; இசை அதே இளையராஜா; இயக்கம் மட்டும் எஸ். பி. முத்துராமன். செண்பகம் இருந்த இடத்தில் இப்போது ராதா. ராமனுக்கு ஜப்பானில் இடர் நேர, கல்யாணத்தின் ஆவி துணைக்கு வருகிறது. சுகுபா நகரில் அவ்வாண்டு நடந்த உலகக் கண்காட்சியைப் படத்தில் காணலாம். அதுவும் புதுமையன்று. 1970-இல் ஒசாகாவில் நடந்த கண்காட்சியை 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-லேயே நம்மவர்க்குக் காட்டிவிட்டது. அதே தீபாவளிக்கு வந்த 'படிக்காதவன்' பெருவெற்றி கண்டது. 'ஜப்பானில் கல்யாணராமன்' தன் முதற்படத்தின் புகழைக்கூட எட்டவில்லை.

ஜப்பானைக் குறை சொல்லிப் பயனில்லை. கூப்பிட்ட போதெல்லாம் வந்து நிற்பவன் இறந்தவனாக எப்படித் தோன்றுவான்? வெளியூர் சென்ற உறவினனாகவே தோன்றுவான்! முதற்படத்தில் நம்மைக் கலங்க வைத்த மரணம், இரண்டாவதில் வெறும் வசதியாகிவிட்டது. காதலனாய் வந்தவனை ஏவலாளாக்கி விட்டார்கள்.

மேலைநாட்டிலும் இக்கதைதான். இரத்தம் குடிக்கும் சாகாத இளைஞனை ஒரு பள்ளி மாணவி காதலிக்கும் 'டுவைலைட்' 2008-இல் வந்தது. அதன் தொடர்ச்சி 'நியூ மூன்' 2009-இல். காதலன் பிரிந்து செல்கிறான். தான் ஆபத்தில் சிக்கினால் அவன் உருவம் கண்முன் தோன்றும் எனக் கண்டுகொண்ட அப்பெண், கடலோரப் பாறை உச்சியிலிருந்து குதிக்கிறாள். எழுபது கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் இது. கல்யாணராமன் தொடர்ச்சி நமக்குத் தந்தது ஏமாற்றம் மட்டுமே. இதுவோ நமக்கு அச்சத்தைத் தருகிறது. பதினைந்து வயதுப் பெண் இருக்கும் வீட்டில் அக்காட்சி பேச்சின்றிக் கடந்து போகலாகாது. "அவள் ஏனம்மா குதித்தாள்?" என்று பெற்றோரே முதலில் கேட்டுவிடுவது நலம். மகள் சொல்லும் மறுமொழியைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

இளஞ்சிறார் வேறு விதமாய்க் கேட்பார்கள். பாட்டியை அடக்கம் செய்த வீட்டில், "பாட்டியும் இப்படி வருவார்களா?" என்று ஒரு குழந்தை கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டாம், அதட்டவும் வேண்டாம். நாம் இறந்தோரை அழைப்பதில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறோம் என்று சொல்லலாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று குழந்தையின் கையிலேயே மெழுகுதிரியைக் கொடுத்து ஏற்றச் சொன்னால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

விடுமுறையில் ஏதேனும் ஒன்றைக் காட்ட விரும்பும் குடும்பத்தார் 1979-ஆம் ஆண்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பழிவாங்கலைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மற்றதையும் பார்த்தே தீர்வேன் என்பார்க்கு ஓர் ஆறுதல் உண்டு. அதில் சத்யராஜும் கவுண்டமணியும் இருக்கிறார்கள். இருவரும் நம் கொங்கு மண்ணின் மைந்தர்கள்.