ரோபோ கிளாஸுக்குப் பணம் கட்டுமுன்...

பெங்களூரில் நம்ம ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சில்க் போர்டு டிராபிக், காவிரித் தண்ணீர், தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதது என்றுதான் பேச்சு ஓடும். இப்போது அந்த வரிசையில் ரோபோ கிளாஸும் சேர்ந்துவிட்டது. "பையன் லைன் ஃபாலோயர் செஞ்சுட்டான் சார்" என்று மொபைலில் வீடியோ காட்டுகிறார்கள். கறுப்புக் கோட்டின் மேலே வண்டி அழகாக ஓடுகிறது. வீட்டில் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னால், "அந்த சாஃப்ட்வேர் கிளாஸ் லேப்டாப்லதான் சார் இருக்கு" என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். கோட் எழுதும் எடிட்டரை நிறுவி, போர்டோடு அதைப் பேச வைக்கிற அந்த முதல் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். கிளாஸ் சாரும் வேண்டாம், ஐ.டி. கம்பெனி அப்பாவும் வேண்டாம். நான் பி.காம்., வங்கி வேலை. சி மொழியில் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் மகள் நிறுவும்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கத் தெரியும் :-)

பெரும்பாலான பிள்ளைகள் கையில் இருப்பது அர்டுயினோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத டிசைன் மாணவர்களுக்காக உருவானது. அதன் எடிட்டர் இலவசம். இறக்கி நிறுவுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்கப்புறம்தான் கச்சேரி.

எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அனேகமாக நகல் போர்டு. தப்பில்லை, வடிவமைப்பே எல்லோருக்கும் திறந்து விட்டதுதான். ஆனால் யுஎஸ்பி வேலைக்கு அதில் சிஎச்340 என்ற மலிவான சிப் இருக்கும். விண்டோஸுக்கு அதன் டிரைவர் இல்லையென்றால் எடிட்டரின் மெனுவில் போர்ட்டே காட்டாது. டிரைவர் போட்டும் காட்டவில்லையா, கேபிளைப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பி கிடையாது. நானோ போர்டா? ப்ராசசர் மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்று மாற்றினால்தான் பல நகல்கள் கேட்கும். ப்ளூடூத் மாட்யூலை 0, 1 பின்களில் செருகியிருந்தால், அப்லோட் முடியும்வரை அதைக் கழற்றி வைக்க வேண்டும். கணினி போர்டோடு பேசுவதும் அதே இரண்டு பின்கள் வழியாகத்தான்.

இதெல்லாம் வெட்டி எரிச்சல், இதைக் கிளாஸ்காரர் முடித்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு இதுதான் பாடமாகத் தெரிகிறது. எழுதிய கோட் லேப்டாப்பில் ஓடுவதில்லை, சிப்புக்குப் புரியும்படி மாற்றப்பட்டு, ஒரு கம்பி வழியாகப் போய், அங்கே காத்திருக்கும் குட்டி நிரல் அதை வாங்கி எழுதி வைக்கிறது என்பதைப் படம் போட்டு விளக்கினால் பிள்ளை தலையாட்டும். போர்ட் வராமல் முக்கால் மணி நேரம் போராடினால் மறக்காது. கேபிளா, டிரைவரா, போர்டா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது, எங்கள் காலத்தில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் இரவு எட்டு மணிக்கு லெட்ஜர் லெட்ஜராகப் புரட்டிய அதே வேலைதான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டை கட்டையாக இழுத்து வைக்கும் ஸ்க்ராட்ச் வகையே போதும். அதையும் அவர்களே திறந்து இணைக்கட்டும். ஒரே கம்பெனியின் பெட்டியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் உதாரணம். 2022 முடிவோடு அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். பரணில் கிடக்கும் ஈவி3-ஐ இப்போதும் ஒரு மெமரி கார்டும் விஎஸ் கோட் எடிட்டரும் வைத்து மைக்ரோபைதானில் ஓட்டலாம். எடிட்டரைத் தானே நிறுவிப் பழகிய பிள்ளைக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்றவருக்கு அது பழைய பிளாஸ்டிக்.

இது நம் அப்பார்ட்மெண்ட் பிள்ளைகளின் கதை. ஊரில்? அடல் டிங்கரிங் லேப் என்று மத்திய அரசு 2016 முதல் பள்ளிகளில் தொடங்கியது, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம். 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப், ஐந்து வருடத்தில் என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் கடன் கொடுத்த மெஷினைப் பார்க்க இன்ஸ்பெக்ஷன் போகிறவன் நான். மெஷின் வந்து இறங்கியதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டோம், ஓடுகிறதா என்று பார்ப்போம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷின்களைப் பார்த்த கண்ணுக்கு, லேப் திறப்புவிழா போட்டோ போதாது. கிட் வந்திருக்கும். கணினியின் அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, டிரைவர் போட முடியாது, கிட் பீரோவுக்குள் போய்விடும்.

பழைய மாணவர் வாட்ஸப் குழுக்களில் பணம் திரட்டி கிட் வாங்கிக் கொடுக்கிற நண்பர்களுக்கு ஒன்று. அடுத்த முறை கிட்டோடு ஒரு பென் டிரைவும் கொண்டு போங்கள். அர்டுயினோவின் புதிய 2.x எடிட்டருக்கு விண்டோஸ் 10, 64 பிட் வேண்டும், முதல்முறை திறக்கும்போது போர்டு ஃபைல்களை நெட்டிலிருந்து இறக்கும். பள்ளியில் நெட் எப்படி இருக்குமோ. பழைய 1.8.19-இன் ஜிப் ஃபைலில் ஊனோ, நானோவுக்கு வேண்டியது உள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் 7-லும் ஓடும், பிரித்தாலே போதும். கூடவே சிஎச்340 டிரைவர். அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் என்று ஹெட்மாஸ்டரிடம் முன்கூட்டியே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் கீபோர்டில் நீங்கள் உட்காராதீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.