விண்ணில் விதைத்தவர் யார்? விளைச்சல் யாருக்கு?

ராக்கெட் விட்டால் ஏழையின் வயிறு நிரம்புமா? இந்தக் கேள்வி கடலூர் முதுநகரிலும் கேட்கிறது, சிதம்பரம் மேல வீதியிலும் கேட்கிறது. நியாயமான கேள்விதான். வரி கொடுப்பவன் உழைப்பாளி; கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதே நாம் சொல்வது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. செலவு சுமார் 615 கோடி ரூபாய். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், நமக்கு அடுத்த விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் படித்து மேலே வந்தவர். இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பெருமையை உலையில் போட்டுச் சோறாக்க முடியாது. ஆகவே வரவைப் பார்ப்போம்.

1999-ல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் மாண்டவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். 2013-ல் அதே கரையை பைலின் புயல் தாக்கியபோது, மாண்டவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. புயல் வரும் வழியைச் செயற்கைக்கோள் காட்டிற்று. சுமார் பத்து லட்சம் மக்களைச் சர்க்கார் முன்கூட்டியே அப்புறப்படுத்திற்று. வானத்தில் கண்ணும் தரையில் கையும் ஒன்றுசேர்ந்தன, உயிர்கள் பிழைத்தன.

2004 டிசம்பர் 26-ல் நமது கடலூர் மாவட்டம் 600-க்கும் மேற்பட்டோரைக் கடலுக்குப் பறிகொடுத்தது. அன்று எச்சரிக்க ஒரு நிலையம் இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கடலடியில் வைத்த கருவிகளின் செய்தி செயற்கைக்கோள் வழியாகவே அங்கு வந்து சேருகிறது. தேவனாம்பட்டினத்துத் தாயிடம் போய், இந்த வரவுக்கு எத்தனை ரூபாய் என்று கேட்க எவருக்குத் துணிவு வரும்?

ஆக, பயன் உண்டு. அடுத்த கேள்விதான் முக்கியமானது: இந்தப் பயன் இனி யார் கையில்?

2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2024-ல் அந்நிய முதலீட்டுக்கும் வழி அகலமாயிற்று: முன் அனுமதி இல்லாமலே செயற்கைக்கோள் தயாரிப்பில் நூற்றுக்கு 74 வரை, ராக்கெட்டில் 49 வரை. 2025 மார்ச்சில் ஏர்டெல்லும் ஜியோவும் அடுத்தடுத்த நாட்களில், அமெரிக்க முதலாளி எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோடு ஸ்டார்லிங்க் இணையச் சேவைக்காகக் கைகோத்தன. சந்தையில் போட்டியாளர்கள், லாபம் என்றதும் ஒரே பந்தி!

கம்பெனி லாபம் தேடுவது அதன் இயல்பு. புயல் எச்சரிக்கைக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது. மீன் கூட்டம் எங்கே என்று கட்டுமரக்காரனுக்குச் சொல்வதில் பங்குதாரனுக்கு டிவிடெண்டு கிடைக்காது. ஆகவே அவற்றுக்கான செயற்கைக்கோளைக் கம்பெனி தானாக அனுப்பாது. அதை அனுப்ப மக்கள் பணமும் மக்கள் நிறுவனமும் வேண்டும்.

2017-ல் ஓகிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குச் செய்தி எட்ட வழியில்லை. அந்தச் சாவுகள் கற்பித்த பாடத்துக்குப் பிறகே, இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவி வந்தது. ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்த, 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. எதிர்க்க வேண்டியதை எதிர்க்கும் நாம், இதை வரவேற்கிறோம்.

பொதுத்துறைக்குத் திறமை இல்லை என்ற பல்லவிக்கும் பதில் வந்திருக்கிறது. சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தை, 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் வென்றது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம்!

அந்த ராக்கெட்டுக்கான தளம் குலசேகரப்பட்டினத்தில் எழுகிறது. 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேரே போகலாம். இந்த லாபம் தமிழ் மண் தரும் லாபம். மாநில சர்க்காரின் 2025 விண்வெளித் தொழிற்கொள்கை 10,000 கோடி முதலீடும் 10,000 வேலைகளும் குறிக்கோள் என்கிறது. நல்லது. அந்த வேலைகள் நிரந்தர வேலைகளா, ஒப்பந்தக் கூலியா? சிப்காட்டையும் நெய்வேலியையும் பார்த்துப் பழகிய கடலூர்த் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியின் பொருளை விளக்கத் தேவையில்லை.

தோழர்களே, நமது கோரிக்கைகள் மூன்று. கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் படகுகளில் எத்தனைக்குக் கருவி பொருத்தப்பட்டது என்ற பட்டியல் ஊரறிய வெளியிடப்பட வேண்டும். புயல், வெள்ள, மீன்வளச் செய்திக்கான செயற்கைக்கோள்கள் என்றும் பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும். சலுகை பெறும் விண்வெளிக் கம்பெனி, நிரந்தர வேலையும் சங்க உரிமையும் தர வேண்டும்.

கிளைக் கூட்டங்களில் இவற்றைத் தீர்மானமாக்குங்கள். வானத்தை எட்டியது மக்களின் வரிப்பணம். அதன் பலன் துறைமுகத்துக்கும் வயலுக்கும் வந்து சேரும் வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்!