முருகைக் கல்லுக்கும் உயிர் உண்டு



ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகேறியவுடன் நம் கண்கள் அக்கரையையே தேடுகின்றன. நம் தீவுகளைச் சூழ்ந்த ஆழமற்ற கடலில், முருகைக் கற்களைக் கட்டியெழுப்பும் சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்வதை நினைப்போர் மிகச் சிலரே.

முருகையை நாம் கல்லாகவே அறிந்திருக்கிறோம். நெடுந்தீவில் அதை அடுக்கி வேலி அமைத்தார்கள், கோட்டையும் கட்டினார்கள். உண்மையில் அது ஓர் உயிர்க்கூட்டத்தின் வீடு. நெல்மணியளவு உடல், வாயைச் சுற்றி மெல்லிய கைகள், அடியில் தானே சுரந்து அமைத்த சுண்ணக் கிண்ணம்: இவ்வளவே அவ்வுயிர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. முருகை உறைவிடம் கொடுக்கிறது. பாசிகள் சூரிய ஒளியில் உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. அதன் பச்சையும் கபிலமும் பெரும்பாலும் அவ்விருந்தாளிகளின் கொடையே. கடல் நீர் வழமையைவிட ஒன்றிரண்டு பாகை சூடேறிச் சில வாரங்கள் நீடித்தால் இவ்வுறவு முறிகிறது. பாசியை இழந்த முருகை வெளிறிப் பட்டினி கிடக்கிறது. 1998இலும் 2016இலும் இலங்கைக் கடலில் இது நேர்ந்தது. பல பாறைகள் மடிந்தன.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடலை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இலங்கையில் அதுவரை பதிவாகாத 36 முருகை இனங்களை இங்கே கண்டறிந்தது. நம் வாசலில் இருந்த செல்வத்தை நாமே அறியாதிருந்தோம்!

உருண்டு வளரும் முருகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே உயர்கிறது. அப்படியானால் ஒரு மீற்றர் உயரமான முருகை, நம் பூட்டனார் காலத்தது. அதை உடைக்க ஒரு நங்கூரம் போதும்; ஒரு கணமும் போதும்.

இழுவைமடித் தொழிலை 2017இல் சட்டம் தடைசெய்தது. அயற்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நம் கடலடியைச் சிதைப்பதைக் கண்டிக்க நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால், அக்கண்டனத்தின் நிழலில் நம் தவறுகள் ஒளிந்துகொள்ளலாகாது. கிழிந்த நைலோன் வலையைக் கடலில் விடுபவர் யார்? திருவிழாவுக்குச் செல்லும் படகிலிருந்து பொலித்தீன் பையை வீசுபவர் யார்? அலுமாரியில் அழகுக்கு வைக்க உயிருள்ள முருகையைப் பெயர்ப்பவர் யார்?

பரந்த கடலையும் அதில் வாழும் சிறியனவும் பெரியனவுமான உயிர்களையும் திருப்பாடல் 104 நினைவுகூர்கிறது. அங்கே சிறியவையும் மறக்கப்படவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலிலும் முருகைப் பாறைகளின் அழிவைக் குறித்துக் கவலை தெரிவித்தார். ஆகவே, படைப்புக்கு இழைக்கும் தீங்கையும் நம் ஆன்ம சோதனையில் சேர்த்துக்கொள்வோம்.

அடுத்த முறை படகேறும்போது உங்கள் பிள்ளைக்குக் கடலைக் காட்டிச் சொல்லுங்கள்: "மகனே, கீழே வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள்." பூட்டிய வீடுகளின் துயரத்தை அறிந்த தீவு மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.