வீண் போகாத ஒரு வருஷம்

துருக்கி அரசு 2012 முதல் அயல்நாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கி வருகிறது. அதைப் பெற்றுச் செல்லும் மாணவருக்கு அந்நாட்டு மொழி தெரியாவிட்டால், முதல் ஓராண்டு மொழிப் படிப்புதான், பாடமெல்லாம் பிறகே. 'ஒரு வருஷம் வீண்' என்று சிலர் அலுத்துக் கொள்கிறார்கள்.

வீண்தானா? மொழி தெரியாமலே நீல மசூதியைப் பார்க்கலாம். பாஸ்பரஸ் ஜலசந்தியில் படகேறி ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு அரைமணிக்குள் போய்ச் சேரலாம். உல்லாசப் பிரயாணியும் அதைத்தானே செய்கிறார்! கடைக்காரரை 'ஆபி' என்று, அதாவது அண்ணா என்று, கூப்பிடத் தெரிந்தவனுக்கு அங்கே கிடைக்கும் முகமே வேறு. வேலையிலிருப்பவரைக் கடக்கும்போது, 'வேலை சுலபமாகட்டும்' என்ற பொருளில் 'கொலாய் கெல்சின்' என்று வாழ்த்துவது அவ்வூர் வழக்கம். பதிலுக்கு, இடை சிறுத்த கண்ணாடி டம்ளரில் தேநீர் வந்தாலும் வரும்.

தமிழ் மாணவனுக்கோ பாதிச் சுமை குறைவு. 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தெ' வீடுகளில். நம் மொழி போலவே விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகின்றன. வினைச்சொல்லும் வாக்கியத்தின் கடைசியில்தான். 1928-ல் அரபு லிபியை விட்டு லத்தீன் லிபிக்கு மாறிவிட்டதால், எழுத்தும் மிரட்டாது.

ஆயினும், சொந்த நாட்டார் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி, ஆங்கிலத்திலேயே காலந்தள்ளித் திரும்புவோரும் உண்டு. அவர்கள் கொண்டுவருவது பட்டம் மட்டுமே. இடம் கிடைத்த மாணவர்கள் விமானம் ஏறும் நாள்வரை காத்திராமல், இங்கேயே ஐம்பது சொற்களையாவது பழகிக் கொள்ளட்டும். 'ஆபி' முதற்சொல்லாக இருக்கலாம்.