ஆரஞ்சுத் துணி உயிரைக் காக்காது!

ஆற்றில் ஆள் போனால் நம் பெரிய மனிதர்களிடம் தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. "விதி முடிந்தது" என்பது ஒன்று. "லைப் ஜாக்கெட் கொடுத்திருந்தோமே" என்பது மற்றொன்று. முதல் பதிலை நம்பி ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டு வீடு திரும்பிய காலம் மலையேறி வருகிறது. அதனால் இப்போது இரண்டாவது பதில் அதிகமாகப் புழங்குகிறது. அந்தப் பதிலைத்தான் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இது எங்கோ நடக்கும் சமாசாரம் அல்ல. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவே ஸ்ரீரங்கம் தீவு. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம்தான் வடிகால். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகளை அந்த வெள்ளம் அடித்துச் சென்றது. அணையின் இரும்புக் கதவே நிற்க முடியாத தண்ணீரில் மனித உடம்பு எம்மாத்திரம்?

இந்த ஆற்றில் இறங்குகிறவர் யார்? பாலத்தின் மேல் காரில் போகிறவர் அல்ல. வாழைத்தார் வெட்டவும், புல் அறுக்கவும், அக்கரையில் களை எடுக்கவும் போகிற கூலி ஆள். ஆடிப்பெருக்கன்று ஒருநாள் லீவில் பெண்டு பிள்ளைகளோடு அம்மா மண்டபத்துக்கு வருகிற மில் தொழிலாளி. லைப் ஜாக்கெட் என்பது இவர்களுடைய பிரச்சினை.

எத்தனை கிலோ தூக்கும்?

லைப் ஜாக்கெட்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதன் நிறம் என்ன என்பதல்ல. அது எத்தனை கிலோ தூக்கும் என்பதுதான்.

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் அதை மேலே தள்ளும். ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன விதி இது. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிடும் நம் கிராமத்துக்காரனுக்கும் இது தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ தூக்கும். அவ்வளவே.

அறுபது கிலோ எடையுள்ள ஆள் தண்ணீருக்குள் அறுபது கிலோவாக இருப்பதில்லை. உடம்பே ஏறக்குறைய அவ்வளவு தண்ணீரை விலக்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு மிஞ்சுவது மூன்று முதல் ஐந்து கிலோ வரைதான். அந்தச் சில கிலோதான் ஆளை முழுக்குகிறது. அதைத் தூக்கி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி செய்வதே லைப் ஜாக்கெட்டின் வேலை. கடல் நீர் உப்பினால் கனமானது. ஆளைச் சற்று அதிகமாகத் தூக்கும். காவிரி நன்னீர். கடலில் கிடைக்கும் அந்தச் சலுகை இங்கே கிடையாது.

இந்தத் தூக்கும் சக்தியை நியூட்டன் கணக்கில் அச்சிடுகிறார்கள். பத்து நியூட்டன் என்றால் சுமார் ஒரு கிலோ. உலக அளவில் நான்கு தரங்கள் உண்டு. 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கு, கரையும் உதவியும் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மயங்கி விழுந்தவனை அது புரட்டிப் போடாது. குப்புறக் கிடந்தால் குப்புறவே கிடப்பான். 100 என்பது அலையடங்கிய நீர்நிலைக்கு. 150 என்பது மயங்கியவனையும் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பி முகத்தை வானம் பார்க்க வைக்கக்கூடியது. 275 என்பது கனமான உடையும் கருவியும் சுமந்து நடுக்கடலில் வேலை செய்கிறவருக்கு.

நீச்சல் தெரியாத நாற்றுக்காரப் பெண்ணின் தோளில் 50-ஐ மாட்டிவிட்டு, "பாதுகாப்பு ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று கணக்கு எழுதினால் அது பாதுகாப்பா? மோசடி! இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம், வித்தியாசம் உயிர்.

லாபம் வைத்த இரும்பு

தரத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது.

1904 ஜூன் 15. நியூயார்க் நகரின் கிழக்கு ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பல் தீப்பிடித்தது. உல்லாசப் பயணம் வந்த ஜெர்மானியக் குடியேறிகளின் குடும்பங்கள் அதில் இருந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கப்பலில் லைப் ஜாக்கெட் இல்லாமலா? நிறைய இருந்தன. ஆண்டுக்கணக்காகத் தொங்கித் துணி இற்று, உள்ளே இருந்த கார்க் பொடியாகி, தண்ணீரைக் குடித்துக் கனத்துப் போயிருந்தன. தாய்மார்கள் அவற்றைக் குழந்தைகளுக்குக் கட்டித் தண்ணீரில் விட்டார்கள். குழந்தைகள் மிதக்கவில்லை.

இதைவிடக் கொடுமை அதன்பின் வெளிவந்தது. ஒரு ஜாக்கெட்டில் ஆறு பவுண்டு கார்க் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. லைப் ஜாக்கெட்டுக்கென்று விற்ற கார்க் கட்டைகளுக்குள் எடையை நிரப்ப இரும்புத் துண்டு வைத்திருந்த கம்பெனி அதே ஆண்டில் பிடிபட்டது. உயிரைக் காக்கும் சட்டைக்குள் இரும்பு! லாபவெறிக்கு இதைவிட உருவம் கொடுக்க எந்தக் கவிஞனாலும் முடியாது. கடைசியில் சிறைக்குப் போனவர் கப்பலின் காப்டன் ஒருவர்தான். கப்பல் கம்பெனி முதலாளி ஒருவரும் போகவில்லை.

"அது பழங்கதை" என்பீர்களா? 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மீர் நகரில் போலீஸார் ஒரு பட்டறையைச் சோதனையிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட போலி லைப் ஜாக்கெட்டுகள் சிக்கின. உள்ளே மிதவை நுரைக்குப் பதிலாகத் தண்ணீரை உறிஞ்சும் பொட்டலப் பொருள்கள். யுத்தத்துக்குத் தப்பிக் கடல் கடக்கும் அகதிகளுக்கு விற்க அவை தயாராயின. அங்கே வேலை செய்தவர்களில் சிரியா நாட்டு அகதிச் சிறுமிகளும் இருந்தார்கள்!

அந்நாளில் கப்பல்களின் லைப் ஜாக்கெட்டுகளுக்குள் இலவம் பஞ்சையும் அடைத்தார்கள். நசுங்கினாலோ உறை கிழிந்தாலோ அந்தப் பஞ்சு தூக்கும் சக்தியை இழந்துவிடும். இன்று அதன் இடத்தில் நுரை வந்திருக்கிறது. மட்டமான நுரையும் நசுங்கும், நீர் குடிக்கும். அதை நம்பி இறங்குகிறவன் இலவு காத்த கிளிதான்.

நம் நாட்டுக் கணக்கு

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25-இல் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7-இல் கேரளத்தின் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18-இல் குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரியில், பள்ளிப் பிள்ளைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும். அங்கே படகில் எல்லோருக்கும் லைப் ஜாக்கெட் இல்லை; தாங்கும் அளவுக்கு மேல் ஆளை ஏற்றியிருந்தார்கள். கூட ஒரு டிக்கெட், கூட ஒரு லாபம். ஒவ்வொரு தடவையும் விசாரணை. குறைந்த விலைக்கு வாங்கச் சொன்னவன் எங்கே?

"காவிரிக்கரைக்காரனுக்கு நீச்சல் தெரியாதா?" என்று கேட்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் நீச்சல் தெரிந்தவனையும் காவு கேட்கும். தலையில் கட்டை மோதி மயங்கியவனுக்கு நீச்சல் எப்படி உதவும்? வயலில் நாள் முழுக்கக் குனிந்த பெண்ணுக்கு நீச்சல் கற்க யார் அவகாசம் கொடுத்தார்கள்? இன்னொன்றும் கேளுங்கள். மதகுக்குக் கீழே வெள்ளை நுரையாகக் கொதிக்கும் தண்ணீரில் காற்று கலந்திருக்கிறது. அந்த நீர் இலேசானது. ஆளை மட்டுமல்ல, ஜாக்கெட்டையும் சரியாகத் தூக்காது. ஜாக்கெட் போட்டுக்கொண்டு அங்கே இறங்கலாம் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாமே சோதிப்போம்

பரிசலோ படகோ ஏறுமுன் ஒவ்வொரு தொழிலாளியும் செய்யக்கூடியது இது.

உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். எத்தனை நியூட்டன், எத்தனை கிலோ ஆளுக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். சீட்டு இல்லாததைத் தள்ளுங்கள். நீச்சல் தெரியாதவருக்கு 100-க்குக் குறைந்தது வேண்டாம். வெள்ளக் காலத்தில் 150 கேளுங்கள். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பட்டை இருக்கிறதா, பாருங்கள்.

எல்லா வாரையும் இறுக்கிக் கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்கட்டும். மோவாய்க்கு மேல் ஏறினால் அது உங்கள் அளவல்ல. தண்ணீரில் முகத்தை மூடிவிடும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போடவே கூடாது. குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும்.

சங்கம் செய்யக்கூடிய சோதனையும் உண்டு. 11 கிலோ இரும்பு எடைக்கல் தண்ணீருக்குள் சுமார் 9½ கிலோதான். 100 என்று அச்சிட்ட ஜாக்கெட்டில் அதைக் கட்டித் தொட்டியில் போடுங்கள். மிதக்க வேண்டும். ஒருநாள் முழுக்க ஊறவிட்டு மறுநாளும் பாருங்கள். முழுகினால், அந்த ஜாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள்! மனுவைவிட அது உரக்கப் பேசும்.

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் ஏட்டில் மிதந்தால் போதாது. ஆற்றில் மனிதன் மிதக்க வேண்டும். ஆகவே நாம் கேட்பது இவ்வளவே:

ஆள் ஏற்றும் ஒவ்வொரு துறையிலும் ஏறும் ஆளுக்கு ஒரு ஜாக்கெட், குழந்தைக்குத் தனி அளவு, அரசு செலவில்! வாங்கும்போது விலையோடு தூக்கும் சக்தியையும் பகிரங்கமாக எழுது! ஆண்டுக்கொரு முறை, வெள்ளத்துக்கு முன், ஜனங்கள் முன்னிலையில் தண்ணீரில் போட்டுச் சோதனை செய்! ஆற்றைக் கடந்து வேலைக்கு ஆள் கூப்பிடும் காண்டிராக்டரும் பண்ணைக்காரரும் அந்தப் பயணத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்!

கூலி ஆளின் உயிர் எத்தனை கிலோ என்று எந்தத் தராசும் சொல்லாது. அவனைத் தூக்கி நிறுத்த எத்தனை கிலோ வேண்டும் என்பது தெரிந்த கணக்கு. தெரிந்த கணக்கைத் தப்பாகப் போடுகிறவனை நாம் விடக்கூடாது.