ஜனவரியில் வரும் பிள்ளை

திருநின்றவூரைத் தாண்டி உள்ளே போனால் சேம்பர்கள். செங்கல் சூளையை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சென்ற ஜனவரியில் அங்கே ஒரு சிறுமியைப் பார்த்தேன். பத்து வயது இருக்கும். முதல் நாள் அறுத்துப்போட்ட பச்சைக் கல்லை வரிசையாகப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். விரல் அழுந்தினால் கல்லில் தடம் விழும். அவள் திருப்பிய கல் எதிலும் தடம் இல்லை. கூலி, அறுத்த கல்லின் எண்ணிக்கைக்கு. அதனால் பிள்ளையின் கையும் குடும்பக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அன்றைக்கே அவளையும் அவள் அம்மாவையும் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துப் போனேன். டி.சி. இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, “ஜூன்ல வாங்க” என்றார்கள்.

ஜூனில் அவள் ஒடிசாவின் பலாங்கீரில் இருப்பாள்.

இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நம் வேலை தடுக்கி விழும் இடம் இதுதான். நுவாகாய் பண்டிகை முடிந்ததும் சர்தார் எனப்படும் ஆள்பிடிக்கும் தரகரிடம் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் காண்டாபாஞ்சியில் ரயிலேறுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் இங்கே கல் அறுப்பு தொடங்குகிறது. அடுத்த மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் வந்து, சேர்க்கை தொடங்கும் நேரத்தில் கிளம்பும் பிள்ளை எந்தப் பதிவேட்டில் ஏறும்?

2009 கல்வி உரிமைச் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. காலம் தாழ்ந்து வந்தாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 15. வயதுச் சான்று இல்லாததும் மறுக்கக் காரணமல்ல, அது பிரிவு 14. டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தி வைக்க முடியாது, அது பிரிவு 5. இந்த மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பையில் வைத்திருங்கள். தலைமையாசிரியரோடு சண்டைக்கு நிற்க அல்ல. சேர்க்க விரும்பியும் தணிக்கைக்கு அஞ்சும் தலைமையாசிரியர்கள் உண்டு. அந்தத் தாள் அவர்களுக்குத்தான் துணை.

சேர்ந்தபின் மொழி. வடக்கே இருந்து வந்தாலே இந்தி என்று வைத்துக்கொண்டு இந்தியில் பேசிப் பார்க்கிறோம். பலாங்கீர்ப் பிள்ளையின் வீட்டுமொழி சம்பல்புரி. பள்ளிப் பாடமொழி ஒடியா. நம் கேள்விக்கு விழித்தால் ‘மந்தம்’ என்று ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளைகளோடு எத்தனை நாள் உட்காரும்? வயதுக்கேற்ற வகுப்பு, கூடவே சிறப்புப் பயிற்சி என்று பிரிவு 4 சொல்வது இந்த அவமானத்தைத் தவிர்க்கத்தான். தமிழ் கற்பிப்போம், கட்டாயம் வேண்டும்; கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விளையாட்டுக்கும் அது வேண்டும். ஆனால் ஆறு மாதத் தமிழுக்காக அவளுடைய ஒடியா எழுத்து மறந்துபோனால், ஊரில் அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதே திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து பாடநூலும் ஆசிரியரும் வரவழைத்து வகுப்பு நடத்தியதுண்டு. நடக்கக்கூடிய காரியம்தான்.

கடல் கடந்த நம்மவர் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. குறை ஆயிரம் இருந்தும் அங்கே நம் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். சேம்பர் முதலாளிகளிடம் பேசும்போது நான் இதைச் சொல்வதுண்டு, கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்போது உடனடியாக ஒன்று. பள்ளியில் சேர்ந்ததும் பிள்ளைக்குக் கிடைக்கும் எமிஸ் எண் நம் மாநிலத்துக்குள் செல்லும். பலாங்கீர் ஆசிரியருக்கு அதனால் பயனில்லை. வந்த நாள், படித்த பாடம், வாசிப்பு நிலை, தெரிந்த கணக்கு ஆகியவை தமிழிலும் ஒடியாவிலும் உள்ள ஒரு தாள், குடும்பம் கிளம்பும் முன் அம்மாவின் கையில் சேர வேண்டும். நீங்கள் கற்பிக்கும் மையத்தில் அப்படி ஒரு தாள் இருந்தால் ஏப்ரலுக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். மே மாதத்தில் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.