பெட்டியா, வெரோனிகாவா?

உலகத்தில் தீராத வழக்குகள் சில உண்டு. மாமியாரா மருமகளா என்பது ஒன்று. ஆர்ச்சி என்கிற செம்பட்டைத் தலைப் பையன் பெட்டியைக் கட்டுவானா, வெரோனிகாவைக் கட்டுவானா என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வழக்குக்கு எண்பது வயசுக்கு மேல் ஆகிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. அமெரிக்கப் படக்கதையான ஆர்ச்சி 1941 டிசம்பரில் 'பெப் காமிக்ஸ்' 22-ஆம் இதழில் பிறந்தான். வரைந்தவர் பாப் மொன்டானா. பெட்டி அந்த முதல் கதையிலேயே வந்துவிட்டாள். பணக்கார வீட்டு வெரோனிகா நாலு மாசம் கழித்து வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது சனி!

எங்கள் ராமநாதபுரம் பக்கம் காமிக்ஸ் என்றால் சிவகாசிதான். 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவிக்கும், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸுக்கும் இங்கே பரம ரசிகர்கள் உண்டு. சிரிக்க வைக்க லக்கி லூக்கும் வந்தார். ஆனால், அவர் குதிரையில் போகிற ஆசாமி. அட்டென்டன்ஸ் குறைகிறது, அரியர்ஸ் விழுகிறது என்கிற கஷ்டமெல்லாம் அவருக்கு ஏது?

அதனால், என் அக்கா மகள் ஹாஸ்டலிலிருந்து ஒரு கட்டு ஆர்ச்சி புஸ்தகம் கொண்டுவந்ததும் எனக்கு ஒரு யோசனை. நம்ம ஊர் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? கட்டு கை மாறி ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று சுற்றியது. பின்னாலேயே நானும் சுற்றினேன்.

முதல் தீர்ப்பு, அக்கா மகள்: "இவன்கிட்ட என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாங்க மாமா? ஒரு ஓட்டைக் காரு, பாக்கெட்ல பைசா கிடையாது. அவ்வளவு சண்டைக்கும் அப்புறம் பெட்டியும் வெரோனிகாவும் ஃப்ரெண்ட்ஸாவே இருக்காங்க பாருங்க... அதுதான் கதை!"

ராமேஸ்வரத்தில் ரிடையரான தமிழ் வாத்தியார் ஒருவர். அவரிடம் 2009-ஆம் வருஷத்துச் சமாசாரத்தைச் சொன்னேன். 600-வது இதழில் ஆரம்பித்த கதையில் ஆர்ச்சி வெரோனிகாவை மணந்துகொள்ள, பெட்டி கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். உடனே அடுத்தடுத்த இதழ்களில் பெட்டியோடும் ஒரு கல்யாணம்! இரண்டும் 'இப்படி நடந்திருந்தால்' என்கிற கற்பனைதான். 2010 முதல் இரண்டு குடித்தனமும் ஒரே புஸ்தகத்தில் நடந்தது. 2014-ல் அதே தொடரில் நண்பனுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிச் செத்தும் போனான். வழக்கமான இதழில் மட்டும் அவன் பாட்டுக்குப் பர்கர் தின்றுகொண்டிருந்தான்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏகபத்தினி விரதன் பேர்ல இருக்கிற ஊர்ல வந்து கேக்கிற கேள்வியாய்யா இது? சரி, அது போகட்டும். எண்பது வருஷமா ஒரு பயல் பள்ளிக்கூடத்தையே தாண்டலையே! அந்த ஹெட்மாஸ்டரைச் சொல்லணும்!"

தங்கச்சிமடத்தில் கடலுக்குப் போகிற தம்பி ஒருவருக்கு ஜக்ஹெட்டைத்தான் பிடித்தது. "நம்ம செட்டுலயும் இப்படி ஒருத்தன் இருக்கான்ணே. பரோட்டா வந்தா எண்ணவே மாட்டான். வெரோனிகா அப்பா மாதிரி விசைப்படகு ஓனர் இருக்காரு. புல்லட்ல பந்தா காட்டுற ரெஜியும் இருக்கான். அம்புட்டுப் பேரும் இருக்காய்ங்க. வரையத்தான் ஆள் இல்ல."

வாஸ்தவம். 2023-ல் ஸோயா அக்தர் இந்திப் படமாக எடுத்தபோது ஆர்ச்சி ஆங்கிலோ இந்தியனாகி ஊட்டி வரைக்கும் ஷூட்டிங் வந்தான். அங்கிருந்து பாம்பன் பாலம் தாண்ட அவனுக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது!

கடைசியாகப் பாம்பனில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா. அவர் எழுத்துக் கூட்டவில்லை. படம் பார்த்தார், நான் கதை சொன்னேன். நடுவில் நிறுத்தினார்.

"அந்தப் புள்ள பேரு என்ன சொன்னீக?"

"பெட்டிம்மா. ஆர்ச்சி பெட்டியைக் கட்டுவானா, மாட்டானாங்கிறதுதான் கேள்வி."

"இதுல என்னய்யா கேள்வி? எங்க ஊர்ப் பயலுக பதினெட்டு வயசானா எல்லாரும் பெட்டியைத்தான் கட்டுறாய்ங்க!"

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் மகன் கத்தாரில் இருக்கிறான். அவனோடு இதே பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடித்த நாலு பேரில் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருவன் சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிறான், ஒருவன் துபாய். மிச்சமிருக்கிற ஒருவன் கடலில்.

ஆர்ச்சிக்கு வயசு ஆகாததை எல்லாரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது பெரிசாகப் படவில்லை. எண்பது வருஷமாக அதே ஊர், அதே கடை, அதே அஞ்சு பேர். ஒருத்தன்கூடப் பிழைப்புத் தேடி வெளியூர் போகவில்லை. அதுதான் அதிசயம்! வானம் பார்த்த இந்தச் சீமையில் அஞ்சு சிநேகிதர்களும் ஒரே கட்டத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் பொங்கலோ, கிறிஸ்துமஸோ, ஏர்வாடி சந்தனக்கூடோ வர வேண்டும். மற்ற நாளெல்லாம் அஞ்சு கட்டத்தில் அஞ்சு ஊர். நடுவில் ஒரு வாட்ஸ்அப் குரூப்.

ஏன், அதையே வரையலாமே? அதில் சிரிப்புக்கா பஞ்சம்? விசாவுக்கு அலைகிற கதை, போனிலேயே பெண் பார்த்த கதை... யாராவது இளைஞர் பேனாவை எடுங்களேன்.

டீக்கடை அம்மாவிடம் இந்த யோசனையைச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கடைசிப் பக்கத்துல அஞ்சு பயலும் ஊருக்கு வந்துரணும்யா. டீ பாக்கி நிக்குது!"